ஆளுமையை வினாத்தாளால் அளப்பது எப்படி: கேள்வியை முடிவு செய்வதிலிருந்து அறிக்கை எழுதுவது வரை

ஆளுமையைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறேன் என்று வருகிற மாணவர்கள் பலரின் கையில் முதல் நாளே ஒரு வினாத்தாள் இருக்கும். சீனியர் கொடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் இணையத்தில் எடுத்ததாக இருக்கும். அதை நூறு பேரிடம் நிரப்பி வாங்கிவிட்டு, "இதை வைத்து என்ன எழுதலாம்?" என்று கேட்பார்கள். அந்த நிலையில் சரிசெய்யக்கூடியவை மிகக் குறைவு. ஆளுமை அளவீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை கணக்கில் நடப்பவை அல்ல, படிகளின் வரிசையில் நடப்பவை.

உளவியலாளர்கள் இன்று அதிகம் பயன்படுத்தும் ஐந்து பெரும் பண்புகள் முறையை, அதாவது பிக் ஃபைவை, எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை இங்கே சொல்கிறேன். கருவியாக எடுத்துக்கொண்டிருப்பது மினி ஐபிஐபி என்ற 20 கூற்றுகள் கொண்ட வினாத்தாள். வேறு வினாத்தாளைப் பயன்படுத்தினாலும் வரிசை இதேதான்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு வரியில் எழுதிய ஆய்வுக் கேள்வி வேண்டும். வினாத்தாளும் அதன் மதிப்பெண் விதியும் சேர்ந்தே கையில் இருக்க வேண்டும். எந்தக் கூற்று எந்தப் பண்புக்கு உரியது, எந்தக் கூற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று சொல்லும் அந்தத் தாள் இல்லாத வினாத்தாளைத் தொடவே வேண்டாம்.

தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் உதவி தேவைப்படும். கணக்குக்கு எக்செல் போன்ற ஒரு விரிதாளும், ஜமோவி அல்லது ஜேஸ்ப் போன்ற ஒரு இலவச மென்பொருளும் போதும். உங்கள் துறையின் நெறிமுறை ஒப்புதலை முதல் பதில் வாங்கும் முன்பே பெற்றிருக்க வேண்டும். பதில்களை வாங்கிவிட்டுப் பின்னால் பெறுவது ஒப்புதலே ஆகாது.

1. எதை அளக்கிறோம் என்பதில் முதலில் தெளிவாகுங்கள்

பண்பு என்றால் ஒருவர் பல சூழல்களில், பல நாட்களில், மற்றவர்களோடு ஒப்பிடும்போது எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது. இந்த வரையறையில் வரும் 'பல', 'ஒப்பிடும்போது' என்ற இரண்டையும் மறந்துவிட்டால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் கோணலாகும்.

பண்பு உயரம் போன்றது. எல்லோருக்கும் உண்டு, அளவுதான் வேறு. பெரும்பாலானோர் நடுவில்தான் இருப்பார்கள். ஆகவே ஆட்களை 'அகமுகர்', 'புறமுகர்' என்று இரண்டு கூடைகளில் போடாதீர்கள். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டி நிற்கும் இருவருக்குள் வேறுபாடு மிகக் குறைவு, ஒரே கூடைக்குள் இரு ஓரங்களில் இருப்பவர்களுக்குள்ளோ அதிகம். ஆட்களுக்கு நான்கு எழுத்துகள் கொண்ட வகைப் பெயர் தரும் எம்பிடிஐ போன்ற வகைப்பிரிப்புத் தேர்வை சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் சிலருக்கு வேறு எழுத்து வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆள் மாறவில்லை, கோட்டுக்கு அருகில் இருந்தவர் லேசாகத் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஐந்து பண்புகளும் இவை: புறமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சி நிலையின்மை, அனுபவத்துக்குத் திறந்த மனம். இவற்றில் இரண்டைப் புதியவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உணர்ச்சி நிலையின்மை என்பது நோயின் பெயர் அல்ல. கவலை, எரிச்சல், மனச்சோர்வு போன்ற உணர்ச்சிகள் ஒருவரிடம் எவ்வளவு எளிதில் எழுகின்றன என்பதை மட்டும் அது சொல்கிறது. திறந்த மனம் என்பது மனதில் பட்டதை வெளிப்படையாகப் பேசுவதைக் குறிக்கவில்லை. கற்பனை, கலை, புதிய கருத்துகள் ஆகியவற்றின் மேலுள்ள ஈடுபாடு அது. மினி ஐபிஐபி அந்த ஐந்தாவது பண்பிலும் கற்பனையையும் கருத்துகளில் உள்ள நாட்டத்தையும் மட்டுமே அளக்கிறது, கலை ரசனையைத் தொடுவதில்லை.

அடுத்து, விவரிப்பதையும் விளக்குவதையும் பிரித்துப் பாருங்கள். "அவர் ஏன் இவ்வளவு பேசுகிறார்? புறமுகர் என்பதால். புறமுகர் என்று எப்படித் தெரியும்? இவ்வளவு பேசுகிறாரே!" இது வட்டத்தில் சுற்றுவது. வினாத்தாள் ஒருவரை விவரிக்கும். ஏன் அப்படி இருக்கிறார் என்பதை விளக்க வேறு வகை ஆய்வு வேண்டும். இரட்டையர் ஆய்வுகளின்படி, இந்தப் பண்புகளில் மனிதர்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் சுமார் 40 முதல் 50 சதவீதம் மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது. ஒரு தனிநபரின் குணத்தில் பாதி பரம்பரை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்த எண் மக்கள் கூட்டத்துக்கு உரியது.

சூழலின் பங்கையும் மனதில் வையுங்கள். 1968-இல் உளவியலாளர் வால்டர் மிஷெல், பண்பு மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் நடக்கும் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்பதை -1 முதல் 1 வரை சொல்லும் எண்) பெரும்பாலும் 0.30-ஐத் தாண்டுவதில்லை என்று காட்டினார். 2001-இல் வில்லியம் ஃப்ளீசன், ஒரே ஆள் ஒரு நாளின் வெவ்வேறு நேரங்களில் பெரிதும் மாறுகிறார், ஆனால் அவருடைய சராசரி வாரத்துக்கு வாரம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது என்று காட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிடும். பண்பு மதிப்பெண்ணை வைத்து நாளைக்கு வகுப்பில் ஒருவர் எழுந்து பேசுவாரா என்று சொல்ல முயலாதீர்கள். ஒரு பருவம் முழுவதும் அவர் எத்தனை முறை பேசினார் என்பதோடு அதைப் பொருத்திப் பாருங்கள்.

2. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"கல்லூரி மாணவர்களின் ஆளுமை குறித்த ஓர் ஆய்வு" என்பது தலைப்புதான், கேள்வி இல்லை. "பொறுப்புணர்வு அதிகமுள்ள மாணவர்கள் ஒப்படைப்புகளைக் கெடுவுக்கு முன்பே தருகிறார்களா?" என்பது கேள்வி. அதில் ஒரு பண்பு இருக்கிறது, ஒரு விளைவு இருக்கிறது, எந்தத் திசையில் எதிர்பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது.

இதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதித் தேதியிட்டு வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து பண்புகளையும் நான்கு விளைவுகளோடு ஒட்டிப் பார்த்தால் 20 சோதனைகள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், 0.05 என்ற வழக்கமான எல்லையில் சராசரியாக ஒன்று 'குறிப்பிடத்தக்கது', அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாதது, என்று வந்து நிற்கும். பலர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கேற்ற கோட்பாட்டைப் பின்னால் தேடுகிறார்கள்.

இன்னொரு பொறி, விளைவும் பண்பும் ஒன்றையே கேட்பது. பொறுப்புணர்வு வினாத்தாளில் "வீட்டு வேலைகளை உடனே முடித்துவிடுவேன்" என்று இருக்கும். ஒத்திப்போடும் பழக்கத்துக்கான வினாத்தாளில் "வேலைகளைத் தள்ளிப்போடுவேன்" என்று இருக்கும். இரண்டுக்கும் வலுவான எதிர் ஒட்டுறவு கிடைத்தால், ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள் என்றுதான் பொருள். முடிந்தவரை விளைவை வேறு மூலத்திலிருந்து எடுங்கள். வருகைப் பதிவு, ஒப்படைப்பு தந்த தேதி, நூலகத்தில் புத்தகம் திருப்பித் தந்த நாள், எதுவானாலும் சரி.

3. கேள்விக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள்

கருவிகள் நீளத்திலும் உரிமையிலும் வேறுபடுகின்றன. நியோ பிஐ-ஆர் 240 கூற்றுகள் கொண்டது, ஒவ்வொரு பண்பையும் ஆறு உட்கூறுகளாகப் பிரித்து அளக்கும், பணம் கட்டி வாங்க வேண்டும். 2017-இல் வந்த பிஎஃப்ஐ-2 வினாத்தாளில் 60 கூற்றுகள், 15 உட்கூறுகள். லூயிஸ் கோல்ட்பெர்க் தொடங்கிய ஐபிஐபி ஒரு பொதுக் களஞ்சியம். அதில் 3000-க்கும் மேற்பட்ட கூற்றுகள் உள்ளன, எவரும் அனுமதி கேட்காமல், கட்டணமின்றி எடுத்து மொழிபெயர்க்கலாம். அதிலிருந்து 2006-இல் உருவானதுதான் மினி ஐபிஐபி. பண்புக்கு நான்கு கூற்று வீதம் 20.

குட்டையானதுதான் எப்போதும் வசதி என்று எண்ண வேண்டாம். ஒரு பண்பின் கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.30 என்று வையுங்கள். நான்கு கூற்றுகள் என்றால் ஆல்ஃபா, அதாவது கூற்றுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் உள்நம்பகத்தன்மை, சுமார் 0.63 வரும். பத்துக் கூற்றுகள் என்றால் 0.81. அதே தரமான கூற்றுகள்தான், எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறது. ஆகவே ஒரே ஒரு பண்புதான் உங்கள் கேள்வியில் இருக்கிறது என்றால், ஐந்தையும் நான்கு நான்காகக் கேட்பதைவிட அந்த ஒன்றைப் பத்துக் கூற்றுகளால் கேளுங்கள். ஐபிஐபியில் அப்படிப் பத்துப் பத்தாகத் தொகுத்த 50 கூற்றுப் பட்டியலும் இருக்கிறது.

இங்கிருந்து மூன்று, அங்கிருந்து நான்கு என்று கூற்றுகளைப் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்தது புதிய கருவி. அதன் நம்பகத்தன்மையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

மைக்கறைப் படங்களைக் காட்டும் ரோர்ஷாக், படத்துக்குக் கதை சொல்லச் சொல்லும் டிஏடி போன்றவற்றுக்கு நீண்ட பயிற்சி தேவை. எம்எம்பிஐ மருத்துவமனைப் பயன்பாட்டுக்காக உருவானது. இந்த வகை ஆய்வுக்கு இவை எதுவும் வேண்டாம்.

4. தமிழில் கொண்டு வாருங்கள், அப்புறம் நாலு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள்

நீங்கள் எடுத்த கருவிக்கு ஏற்கெனவே ஒரு தமிழ் வடிவம் வெளியாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதையே எடுங்கள், ஆக்கியவரிடம் கேட்டுக்கொண்டு. இல்லாவிட்டால் பிரிஸ்லின் 1970-இல் முன்வைத்த மறுமொழிபெயர்ப்பு வழியில் போகலாம். ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு ஆங்கில வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே பொருள் நழுவியது என்று தெரிந்துவிடும்.

மறுமொழிபெயர்ப்பு பிடிக்காத தவறுகளும் உண்டு. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கும், ஆனால் படிப்பவர் அப்படி யோசிக்கவே மாட்டார். மினி ஐபிஐபியின் முதல் கூற்று, விருந்துக் கூட்டத்தில் கலகலப்புக்குக் காரணமாக இருப்பவரைப் பற்றியது. அதை 'நான் விருந்தின் உயிராக இருக்கிறேன்' என்று எழுதினால் பாதிப் பேர் சாப்பாட்டை நினைப்பார்கள். "நாலு பேர் கூடுகிற இடத்தில் என்னால்தான் கலகலப்பு" என்றால் கேள்வி போய்ச் சேரும். பதினோராவது கூற்றும் விருந்துகளைப் பற்றித்தான். அங்கே கல்யாண வீடு, கல்லூரி விழா என்று உங்கள் ஆட்களுக்குப் பழக்கமான கூட்டத்தைச் சொல்லுங்கள்.

இரட்டை எதிர்மறையைக் கவனியுங்கள். "நான் அடிக்கடி மனம் சோர்ந்துபோவதில்லை" என்ற கூற்றுக்கு 'பொருந்தாது' என்று குறிப்பவர், தான் என்ன சொன்னோம் என்பதில் குழம்பிப்போவார். "மனம் சோர்ந்துபோவது எனக்கு அபூர்வம்" என்று எழுதினால் அந்தக் குழப்பம் குறையும்.

வடிவம் தயாரானதும், உங்கள் ஆய்வில் கலந்துகொள்ளப் போகிறவர்களைப் போன்ற எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்து ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். "இதில் என்ன கேட்கிறார்கள்? உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கருத்தியல், நுண்பொருள் போன்ற சொற்களில் வாசிப்பவர் தயங்கி நிற்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் பின்னால் ஐந்தாவது பண்பின் ஆல்ஃபா ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கிறார்கள்.

விடைகளுக்கு ஐந்து நிலைகள் போதும்: சற்றும் பொருந்தாது, ஓரளவு பொருந்தாது, இரண்டுக்கும் நடுவே, ஓரளவு பொருந்தும், நன்றாகப் பொருந்தும். எண்களை 1 முதல் 5 வரை இதே வரிசையில் வையுங்கள். பாதி வினாத்தாளில் ஒரு வரிசை, மீதியில் வேறு வரிசை என்று மாற்றினால் பதில்கள் கெட்டுவிடும்.

5. பதில் வாங்கும் சூழலை அமையுங்கள்

எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். நீங்கள் எதிர்பார்க்கும் ஒட்டுறவு 0.30 என்றால், 80 சதவீத வாய்ப்போடு அதைக் கண்டுபிடிக்கச் சுமார் 85 பேர் தேவை. 0.20 என்றால் சுமார் 194 பேர். ஆளுமை ஆய்வில் 0.20 சாதாரணமாக வரும் அளவு. ஒட்டுறவின் மதிப்பு ஓரளவு நிலையாக நிற்க 250 பேர் அளவில் தேவை என்பதை 2013-இல் ஷோன்ப்ரோட்டும் பெருஜினியும் கணக்கிட்டுக் காட்டினார்கள். நூறு பேர் போதும் என்று பல துறைகளில் வழக்கமாகச் சொல்லப்படுவதற்குப் பின்னால் கணக்கு எதுவும் இல்லை.

ஐபிஐபியின் அறிவுறுத்தலை முழுதாகக் கொடுங்கள். இப்போது பொதுவாக எப்படி இருக்கிறீர்களோ அப்படிக் குறியுங்கள், எப்படி இருக்க ஆசைப்படுகிறீர்களோ அப்படி அல்ல. உங்களுக்குத் தெரிந்த, உங்கள் பாலினத்தையும் ஏறக்குறைய உங்கள் வயதையும் கொண்டவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று அது கேட்கிறது. இடம் மிச்சப்படுத்த இதை வெட்டிவிட்டால், ஒருவர் தன் அண்ணனோடு ஒப்பிடுவார், இன்னொருவர் ஆசிரியரோடு ஒப்பிடுவார்.

பாடம் எடுக்கும் ஆசிரியரே வகுப்பில் தாளைக் கொடுத்து வாங்கினால் பொறுப்புணர்வு மதிப்பெண் ஏறும். மாணவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, பார்க்கிறவருக்கு ஏற்றபடி தன்னைக் காட்டுவது மனித இயல்பு. பெயர் எழுதச் சொல்லாதீர்கள். வருகைப் பதிவோடு பொருத்த வேண்டியிருந்தால் குறியீட்டு எண் கொடுங்கள், எண்ணும் பெயரும் உள்ள பட்டியலை வேறொருவரிடம் வையுங்கள். விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கூகுள் ஃபார்ம் பயன்படுத்தினால் விடைகளை எண்ணாகத் தரும் அளவுகோல் வகைக் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். சொல்லாக வந்தால் பின்னால் எல்லாவற்றையும் எண்ணாக்க வேண்டியிருக்கும், அந்த மாற்றத்தில் பிழை நுழையும்.

6. வந்ததைச் சுத்தம் செய்யுங்கள்

மூலக் கோப்பை அப்படியே ஓரிடத்தில் பூட்டி வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் குறித்தவர்களைத் தேடுங்கள். மினி ஐபிஐபியில் பண்புக்கு நேர்மாறாக எழுதிய எதிர்த்திசைக் கூற்றுகள் கலந்திருப்பதால், முழுக்க 5 குறித்தவர் "அதிகம் பேச மாட்டேன்" என்பதையும் "பலரோடும் பேசுவேன்" என்பதையும் ஒரே மூச்சில் ஏற்றிருக்கிறார். அவர் வாசிக்கவில்லை.

நீக்கும் விதியைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்தபின் நீக்கினால், நமக்குப் பிடிக்காத பதில்களை நம்மை அறியாமலே வெளியேற்றிவிடுவோம்.

7. திருப்பிக் கூட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் இரண்டு முறை செய்ய வேண்டும் என்றால் அது இதுதான். மினி ஐபிஐபியின் 20 கூற்றுகளில் 11 எதிர்த்திசையில் எழுதப்பட்டவை: 6 முதல் 10 வரை, 15 முதல் 20 வரை. எதிர்த்திசைக் கூற்றில் 5 குறித்தவர் அந்தப் பண்பில் குறைவாக இருக்கிறார். ஆகவே 6-லிருந்து அவர் குறித்த எண்ணைக் கழித்து எழுத வேண்டும். 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும், 3 அப்படியே நிற்கும்.

பொறுப்புணர்வுக்கு உரியவை 3, 8, 13, 18 ஆகிய கூற்றுகள். வேலைகளை உடனே முடிப்பது, பொருள்களை எடுத்த இடத்தில் வைக்க மறப்பது, ஒழுங்கு பிடிக்கும் என்பது, காரியங்களைக் குளறுபடி ஆக்குவது. இரண்டாவதும் நான்காவதும் எதிர்த்திசை. ஒரு மாணவி முறையே 4, 2, 5, 1 என்று குறித்திருக்கிறார். திருப்பினால் 4, 4, 5, 5. கூட்டினால் 18, சராசரி 4.5. நல்ல உயர்ந்த மதிப்பெண்.

திருப்ப மறந்துவிட்டால் 4, 2, 5, 1 கூட்டி 12, சராசரி 3.0. அதே மாணவி இப்போது நடுவில் நிற்கிறார். வேலையே செய்யாத, பொருள்களைக் கண்ட இடத்தில் போடுகிற ஒருவர் 2, 4, 1, 5 என்று குறித்திருந்தாலும் திருப்பாவிட்டால் அவருக்கும் 12, 3.0 தான். இரு முனைகளில் இருக்கும் இருவர் ஒரே எண்ணில் வந்து நின்றுவிட்டார்கள். தரவு சுத்தம், மென்பொருள் சரி, ஆனாலும் ஆய்வில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதனால் திருப்பிய மதிப்புகளைப் பழைய நிரலின் மேல் எழுதாமல் புதிய நிரலில் எழுதுங்கள். பெயரிலேயே 'திருப்பியது' என்று சேர்த்துவிடுங்கள். மேலேயே எழுதினால், அடுத்த வாரம் வந்து இன்னொரு முறை திருப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்புறம் ஐந்து ஆட்களின் தாள்களை எடுத்துக் கையால் கூட்டி, விரிதாள் தரும் விடையோடு ஒப்பிடுங்கள்.

நான்காவது பண்பில் இன்னொரு கவனம். மினி ஐபிஐபியில் அது உணர்ச்சி நிலையின்மை, அதிக மதிப்பெண் என்றால் அதிகக் கலக்கம். 50 கூற்றுப் பட்டியலில் அதே பண்பு பெரும்பாலும் உணர்ச்சி நிலைத்தன்மை என்ற எதிர்ப் பெயரில் கூட்டப்படுகிறது. ஒன்றின் விதியை மற்றதற்குப் போட்டால் முடிவு தலைகீழாகும்.

8. நம்பகத்தன்மையைப் பாருங்கள்

ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியாக க்ரான்பாக் ஆல்ஃபா கணக்கிடுங்கள். 20 கூற்றுகளுக்கும் சேர்த்து ஒரே ஆல்ஃபா போடுவது பரவலான தவறு. ஐந்து வெவ்வேறு பண்புகள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை.

ஆல்ஃபா எதிர்மறையாகவோ பூச்சியத்துக்கு அருகிலோ வந்தால் பதறாமல் ஏழாவது படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கூற்று திருப்பப்படாமல் கிடக்கும். எந்தக் கூற்று என்பதை, மற்றவற்றின் கூட்டுத்தொகையோடு அதற்குள்ள ஒட்டுறவு எதிர்மறையாக இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் 0.60-களில் நிற்கிறதா? நான்கு கூற்றுக் கருவிக்கு அது எதிர்பார்க்கக்கூடியதே. வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 0.70 என்ற எண்ணை எட்ட ஒரு கூற்றைத் தூக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நான்கும் பண்பின் நான்கு பக்கங்களைத் தொடுகின்றன. ஒன்றை எடுத்தால் எண் உயரலாம், அளக்கும் பொருள் குறுகிவிடும். மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியாது.

குறைந்த நம்பகத்தன்மைக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு விஷயங்களுக்கிடையே உண்மையான ஒட்டுறவு 0.30, ஒன்றின் நம்பகத்தன்மை 0.65, மற்றதன் நம்பகத்தன்மை 0.80 என்றால், உங்கள் கணக்கில் தெரிவது சுமார் 0.22 மட்டுமே. அதைப் பிடிக்க 85 பேர் போதாது, சுமார் 160 பேர் வேண்டும். ஆள் எண்ணிக்கையை முடிவு செய்யும்போதே இதைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது பண்பில் நான்கில் மூன்று கூற்றுகள் எதிர்த்திசை. மற்றவற்றில் இரண்டுக்கு இரண்டு. எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று குறிக்கும் பழக்கமுள்ளவர்களின் மதிப்பெண் இந்தப் பண்பில் மட்டும் கீழே இழுபடும். பெரியவர் கேட்டால் மறுத்துச் சொல்லத் தயங்குகிற ஆட்களிடம் பதில் வாங்கியிருந்தால் இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

9. அளப்பது அதைத்தானா என்று சரிபாருங்கள்

நம்பகமாக வருகிற எண் சரியான விஷயத்தைத்தான் அளக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு ஏற்புடைமை என்று தனிச் சோதனை. மாணவர் ஆய்வில் எளிதாகச் செய்யக்கூடிய வழி, நன்றாகத் தெரிந்த ஒரு நண்பரிடம் அதே கூற்றுகளை 'அவர்' என்று மாற்றிக் கொடுத்து நிரப்பி வாங்குவது.

தன் மதிப்பீட்டில் வந்த பொறுப்புணர்வு, நண்பர் தந்த பொறுப்புணர்வோடு ஒட்ட வேண்டும். நண்பர் தந்த புறமுகத்தன்மையோடு அந்த அளவுக்கு ஒட்டக் கூடாது. இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாமே எல்லாவற்றோடும் ஒட்டினால், நண்பர் 'நல்ல பையன்' என்ற ஒரே எண்ணத்தைத்தான் ஐந்து தடவை எழுதியிருக்கிறார்.

இருவரின் மதிப்பும் முழுதாக ஒத்துப்போகாது, போகவும் வேண்டியதில்லை. சிமின் வசீரே 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கவலை போன்ற உள்ளுணர்வுகளில் ஆளின் சொந்தப் பதிலும், அறிவுத்திறன் போன்ற பெருமைக்குரிய விஷயங்களில் நண்பர்களின் பதிலும் உண்மைக்கு நெருக்கமாக இருந்தன. ஆகவே வேறுபாடு வந்தால் யார் பொய் என்று தேடாமல், எந்தப் பண்பில் வந்தது என்று பாருங்கள்.

10. எண்ணுக்குப் பொருள் சொல்லுங்கள்

4.5 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. உங்கள் கூட்டத்தின் சராசரி 3.6, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 0.7 என்று வையுங்கள். அந்த மாணவி சராசரியைவிடச் சுமார் 1.29 திட்ட விலக்கம் மேலே இருக்கிறார். சராசரியை 50, திட்ட விலக்கத்தை 10 என்று வைக்கும் டி மதிப்பெண்ணாக மாற்றினால் 63.

இப்போது பிழையையும் சேருங்கள். ஆல்ஃபா 0.70 என்றால் அளவீட்டின் திட்டப் பிழை, திட்ட விலக்கத்தை 0.30-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும்: டி அளவில் சுமார் 5.5. அவருடைய உண்மையான மதிப்பெண் இருக்கக்கூடிய 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய 52 முதல் 74 வரை போகிறது. அதாவது சராசரிக்குக் கொஞ்சம் மேலே என்பதிலிருந்து மிக உயர்வு என்பது வரை எங்கேயும் இருக்கலாம். கூட்டத்தின் போக்கைப் பார்க்க இந்தக் கருவி பயன்படும். ஒரு தனி ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இதற்குத் தெம்பு இல்லை.

அமெரிக்க மாணவர்களின் சராசரியை எடுத்து உங்கள் ஆட்களை அதற்கு மேலே கீழே என்று பிரிக்காதீர்கள். மொழி மாறியிருக்கிறது, ஒப்பிடும் சுற்றம் மாறியிருக்கிறது, கூற்றுகள் இரண்டு மொழிகளிலும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்பது தனியாகச் சோதிக்க வேண்டிய விஷயம்.

வயது வேறுபாடு வந்தால் அவசரப்படாதீர்கள். இளமையிலிருந்து நடுவயது நோக்கிப் போகும்போது சராசரியாகப் பொறுப்புணர்வும் இணக்கமும் கூடுகின்றன, உணர்ச்சி நிலையின்மை குறைகிறது. முதலாமாண்டு மாணவர்களையும் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர்களையும் ஒப்பிட்டு 'கல்லூரிச் சூழல் பொறுப்பைக் கெடுக்கிறது' என்று எழுதினால் அது தவறான முடிவு.

11. எழுதுங்கள், பங்கேற்றவர்களுக்குச் சொல்லுங்கள்

அறிக்கையில் கருவியின் பெயர், கூற்றுகளின் எண்ணிக்கை, தமிழாக்கிய முறை, திருப்பிய கூற்றுகள், பண்பு வாரியாக ஆல்ஃபா, நீக்கிய ஆட்களின் எண்ணிக்கையும் காரணமும், ஒட்டுறவும் அதன் நம்பக இடைவெளியும் இடம்பெற வேண்டும். முன்பே எழுதிய கேள்வியை ஓரிடத்திலும், தரவில் தற்செயலாகக் கண்டதை வேறிடத்திலும் வையுங்கள். 'பொறுப்புணர்வால் மதிப்பெண் உயர்ந்தது' என்று எழுதாதீர்கள். ஒரே நேரத்தில் வாங்கிய பதில்களிலிருந்து காரணம் தெரியாது, 'சேர்ந்தே உயர்கின்றன' என்பது வரைதான் சொல்ல முடியும்.

"எனக்கு என்ன வந்தது?" என்று பங்கேற்றவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அழகான பொதுவாக்கியங்களை எழுதிக் கொடுத்துவிடத் தோன்றும். 1949-இல் பெர்ட்ரம் ஃபோரர் வெளியிட்ட சோதனையில், 39 மாணவர்களுக்கும் ஒரே விவரிப்பைத் தனித்தனியாக அவரவருக்கென்று எழுதியதுபோல் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் தந்த சராசரி, 5-க்கு 4.26. ஆகவே பங்கேற்றவர் "அப்படியே என்னைப் பற்றித்தான்!" என்று வியந்தால் அது உங்கள் கருவிக்குச் சான்று ஆகாது. குழுவின் சராசரியையும் அதிலிருந்து தெரிந்ததையும் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள், தனிநபர் எண்ணைத் தவிருங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கவோ, பெண் பார்க்கவோ, மாணவரைப் பிரிவு பிரிக்கவோ இந்த மதிப்பெண்ணைத் தரும்படி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்பவர் உங்கள் துறையின் நன்கொடையாளராக இருந்தாலும், கல்லூரி நிர்வாகமாக இருந்தாலும் சரி. ஒப்புதல் படிவத்தில் ஆய்வுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பெயர்ப் பட்டியலை ஐந்தாவது படியிலேயே வேறொருவரிடம் வைக்கச் சொன்னேன். ஆய்வு முடிந்ததும் ஒப்புதல் படிவத்தில் சொன்ன தேதிக்குள் அந்தப் பட்டியலை அழித்துவிட்டு, அழித்த நாளை ஆய்வுக் கோப்பில் குறித்து வையுங்கள்.